அகற்றச் சொன்ன சுவரொட்டியும் அகற்றச் சொன்ன வெள்ளைத் தாளும்: தணிக்கையை வடிவமைப்பில் காட்டுவது எப்படி?

செவ்வாய்ப்பேட்டை வரைவாளன் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். சேலத்தில் 11 ஆண்டுகளாக வரைகலைத் தொழில் செய்து வருகிறேன். திருமண அழைப்பிதழ்களும் கடைப் பெயர்ப்பலகைகளும் கொலுசுப் பட்டறைகளுக்கான பெட்டி அட்டைகளுமே என் பிழைப்பு. சென்ற மாதம் எங்கள் வாசகர் வட்டத்துக்காகக் கருத்துரிமையின் வரலாற்றைப் பற்றி 14 சுவரொட்டிகளை வடிவமைத்து, நகரில் ஒரு தனியார் அரங்கில் காட்சிக்கு வைத்தேன். முதல் நாள் மாலையே அவற்றில் ஒன்றை எடுத்துவிடுமாறு அரங்கப் பொறுப்பாளர் கேட்டுக்கொண்டார். அது 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச்சூட்டைப் பற்றியது. அன்று இறந்த பொதுவுடைமை இயக்கக் கைதிகள் 22 பேருக்காகவும் 22 சிறைக்கம்பிகளை வரைந்து, அடியில் நாளையும் இடத்தையும் மட்டும் எழுதியிருந்தேன். பழைய சண்டையை இங்கே கொண்டுவர வேண்டாம் என்பதைத் தவிர அவர் வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை.

சுவரொட்டியை எடுத்துவிட்டு, அதே ஆணியில் அதே அளவுள்ள வெள்ளைத் தாள் ஒன்றை மாட்டினேன். மறுநாள் காலையில் அந்த வெள்ளைத் தாளையும் எடுக்கச் சொன்னார்கள். வெற்றுத் தாளும் ஏதோ பேசுகிறது என்பதை அவர்களே உணர்ந்திருக்கிறார்கள் என்று முதலில் மகிழ்ந்தேன். ஆனால் பார்க்க வந்தவர்களிடம் பின்னர் விசாரித்தபோது, அச்சடித்து முடிக்காத தாளைத் தவறுதலாக மாட்டிவிட்டதாகவே பலர் நினைத்திருந்தது தெரிந்தது. அடுத்த மாதம் இதே காட்சியை எங்கள் சொந்த அறையிலும், அதன் பிறகு ஏற்காட்டிலும் வைக்கவிருக்கிறோம். அகற்றப்பட்டது என்ற செய்தியையே பார்வையாளருக்குக் காட்டும் சுவரொட்டியை எப்படி வடிவமைப்பது? இதில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஈய எழுத்து எழுதியது:

தம்பி, நான் சேலத்தின் குகைப் பகுதியில் ஓர் அச்சகத்தில் 17 வயதில் அச்சுக் கோக்கத் தொடங்கியவன். நெருக்கடி நிலை வந்த ஆண்டும் அதுதான். உங்கள் வெள்ளைத் தாளைப் பற்றிப் படித்ததும், அந்தக் காலத்தில் எங்கள் முதலாளி சொல்லிக் கேட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. 1975 ஜூன் 28 அன்று டெல்லியில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் தன் தலையங்கப் பகுதியை வெறுமையாக விட்டு வெளிவந்தது. அந்த வெறுமை எல்லோருக்கும் புரிந்தது. ஏனென்றால் அந்த இடத்தில் நாள்தோறும் என்ன இருக்கும் என்பது வாசகருக்குத் தெரியும். பத்தியைச் சுற்றியிருந்த கோடும் மேலே இருந்த இதழின் பெயரும் அப்படியே இருந்தன. உள்ளே இருக்க வேண்டியது மட்டும் இல்லை. அதனால்தான் தணிக்கை அதிகாரிகள் பிறகு வகுத்த விதிகளில் தலையங்கத்தை வெறுமையாக விடக் கூடாது என்று தனியாகவே சேர்த்தார்கள். காந்தி, தாகூர் போன்றோரின் மேற்கோள்களைக் கொண்டு அந்த இடத்தை நிரப்புவதும் கூடாது என்றார்கள். அவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

ஈய எழுத்துத் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கணினியில் வெறுமை என்றால் அங்கே எதுவும் இல்லை. எங்கள் காலத்து வெறுமை அப்படிப்பட்டதன்று. ஒரு பத்தியை எடுத்துவிட்டால் அந்தப் பள்ளத்தை அப்படியே விட முடியாது. விட்டால் பாரத்தை, அதாவது கோத்த பக்கத்தைச் சட்டத்துக்குள், முடுக்கும்போது சுற்றியுள்ள வரிகள் சரிந்துவிடும். எழுத்தைவிட உயரம் குறைந்த ஈயக் கட்டைகளை வரிவரியாக அடுக்கி நிரப்பினால்தான் அது ட்ரெடில் என்னும் அச்சு இயந்திரத்தில் நிற்கும். மையுருளை அந்தக் கட்டைகளின் மேல் தொடாமல் போகும். தாள் வெள்ளையாக வரும். ஒரு பத்தியை வெறுமையாக்க நான் அரை மணி நேரம் கட்டை அடுக்கியிருக்கிறேன். ஆகவே அந்த வெள்ளையை ஒருவன் வேலை செய்து உண்டாக்கினான் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் ஆணியில் தொங்கிய தாளில் அந்த வேலை தெரியவில்லை.

வெண்தாள் எழுதியது:

நான் இதில் வேறுபடுகிறேன். 2022 நவம்பரில் உரும்சியில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு சீன நகரங்களில் கூடியவர்கள் எதுவும் எழுதாத தாள்களையே கையில் பிடித்து நின்றார்கள். அதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்பு, தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, ஹாங்காங்கில் முழக்கங்கள் எழுதப்பட்டிருந்த சுவர்களில் வெற்று ஒட்டுத்தாள்களை ஒட்டினார்கள். கோடும் இல்லை, கட்டமும் இல்லை. உலகம் முழுவதும் அதைப் புரிந்துகொண்டது. வெள்ளைத் தாளுக்கு விளக்கம் சேர்த்தால் அதன் வலிமை குறையும்.

சேர்வராயன் மலைவாசி எழுதியது:

வெண்தாள் நண்பரின் எடுத்துக்காட்டுகள் சரியானவை. அவர் அவற்றிலிருந்து எடுத்த முடிவைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. அந்தத் தாள்களை மனிதர்கள் பிடித்திருந்தார்கள். இரவில், கூட்டமாக, காவலர்களுக்கு எதிரே நின்று பிடித்திருந்தார்கள். அந்தச் சூழலே அந்தத் தாளுக்குக் கட்டமாக அமைந்தது. ஹாங்காங்கில் அதே சுவரில் முந்தைய வாரம் என்ன எழுதியிருந்தது என்பதை அனைவரும் அறிவர். எங்கள் ஏற்காட்டுப் பேருந்து நிறுத்தத்தில் நீங்கள் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினால், மறுநாள் அதன் மேல் யாராவது வீட்டு வாடகை விளம்பரத்தை ஒட்டிவிடுவார்கள்.

நான் மலையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். காப்பித் தோட்டங்களில் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள்தான் என் மாணவர்களில் பெரும்பாலோர். இந்தக் காட்சியை ஏற்காட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள் என்றால், அவர்களுக்கும் அவர்களுடைய தாய்மார்களுக்கும் புரிய வேண்டும் என்பது என் வேண்டுகோள். நகரத்து வடிவமைப்பாளர்கள் பலர் தங்களைப் போன்ற வடிவமைப்பாளர்களுக்காகவே சுவரொட்டி செய்கிறார்கள். பாரதியார் இந்தியா வார இதழில் கருத்துப்படங்களை வெளியிட்டபோது, படத்தின் பொருளை விளக்கும் குறிப்பையும் உடன் வெளியிட்டார். தமிழ் இதழ்களுக்குக் கருத்துப்படம் அன்று புதியது என்பதால் வாசகரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். அந்த இதழைச் சிவப்புத் தாளில் அச்சிட்டார் என்பதையும் வரைவாளன் நண்பர் கவனிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கும் தூரத்திலிருந்து அந்த நிறம் தெரியும்.

அஸ்தம்பட்டி வழக்குரைஞர் எழுதியது:

முதலில் ஒரு திருத்தம். தனியார் அரங்கின் உரிமையாளர் ஒரு சுவரொட்டியை எடுக்கச் சொல்வது சட்டத்தின் பார்வையில் தணிக்கை ஆகாது. அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் கூறில் உள்ள கருத்துரிமை அரசுக்கு எதிராக நமக்குத் தரப்பட்ட உரிமை. அரங்கத்தார் அஞ்சினார்கள் என்றே நான் கருதுகிறேன். யாரும் ஆணையிடாமலேயே முன்கூட்டி அஞ்சுவது தணிக்கையின் மிக நீண்ட நிழல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால், உண்மையான தணிக்கை ஆணை வரும்போது அதைச் சுட்டுவதற்கு நம்மிடம் சொல் இருக்காது.

ஆனால் நீங்கள் எடுத்துக்கொண்ட நிகழ்வுக்கு அருகிலேயே உண்மையான தணிக்கை வழக்கு ஒன்று இருக்கிறது. அதை ஏன் உங்கள் 14 சுவரொட்டிகளில் சேர்க்கவில்லை என்பது எனக்கு வியப்பாக உள்ளது. சேலம் சிறையில் துப்பாக்கிச்சூடு நடந்தது பிப்ரவரி 11. அதற்கு 18 நாள்கள் கழித்து, மார்ச் 1 அன்று, பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய கிராஸ் ரோட்ஸ் என்னும் இடதுசாரி இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழையவும் விற்கப்படவும் கூடாது என்று மாநில அரசு தடை விதித்தது. 1950 மே 26 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. அதே நாளில், அரசியலில் முற்றிலும் எதிர்முனையில் இருந்த ஆர்கனைசர் என்னும் டெல்லி வார இதழின் மீது விதிக்கப்பட்டிருந்த முன்தணிக்கை ஆணையையும் அதே நீதிமன்றம் நீக்கியது. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் பிறகுதான் 1951இல் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. கருத்துரிமைக்கு வரம்பு விதிக்கும் 19(2)இல் பொது ஒழுங்கு என்ற காரணம் நுழைந்தது. இடதுசாரி இதழும் வலதுசாரி இதழும் ஒரே நாளில் விடுதலை பெற்றதை அருகருகே இரண்டு முகப்புகளாக வரைந்தால், இது கட்சிச் சண்டை என்று எந்த அரங்கத்தாரும் சொல்ல இயலாது.

அம்மாப்பேட்டை மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் காட்சித்தொடர்பியல் படிக்கிறேன். வழக்குரைஞர் ஐயா சொன்ன இரண்டு முகப்புகள் நல்ல யோசனை. ஆனால் வரைவாளன் அண்ணா கேட்பது, அகற்றப்பட்டதைக் காட்டும் வழியை. அதற்கு நான் சில நாள்களாகத் தமிழ் எழுத்தை வைத்துச் செய்துபார்க்கும் ஒரு முயற்சியைச் சொல்கிறேன்.

தணிக்கைக்கு எதிரான வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு 1834இல் பாரிசில் நடந்தது. மன்னர் லூயி பிலிப்பின் முகத்தைப் பேரிக்காயாக வரைந்து பழகிய ஷாரிவாரி என்னும் இதழுக்கு எதிராக ஒரு தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை வெளியிட வேண்டிய கட்டாயம் ஏற்பட்டபோது, அதன் சொல் ஒன்றையும் மாற்றாமல் வரிகளை மட்டும் ஏற்றியும் குறைத்தும் பேரிக்காய் வடிவில் கோத்து அச்சிட்டார்கள். தீர்ப்பின் சொற்கள் நீதிமன்றத்துடையவை. அவற்றின் வடிவம் இதழுடையது. மறு ஆண்டே பிரான்சில் படங்களுக்கு முன்தணிக்கை மீண்டும் வந்தது, எழுத்துக்கு வரவில்லை. படத்துக்கு எவ்வளவு அஞ்சியிருக்கிறார்கள்!

அந்த விளையாட்டு அந்த மொழிக்கு உரியது. நம் மொழிக்கு என்ன இருக்கிறது என்று யோசித்தபோது எனக்குக் கிடைத்தவை விகுதியும் ஒற்றும்தான். ஒரு சொல்லைக் கறுப்புப் பட்டையால் மறைத்தாலும் தமிழில் அதன் வாலை விட்டுவிட்டால் பாதிச் செய்தி வெளியே நிற்கும். "களை" என்று முடிந்தால் பலருக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது. "ஆர்கள்" என்று முடிந்தால் பலர் சேர்ந்து ஏதோ செய்திருக்கிறார்கள். அதைவிட வியப்பானது, மறைக்கப்பட்ட சொல்லின் முதல் எழுத்து, மறைக்கப்படாத முந்தைய சொல்லின் கடைசியில் ஒற்றாகக் கசிந்து நிற்பது. இரண்டாம் வேற்றுமைக்குப் பின் வல்லினம் மிகும் என்ற விதியைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதேதான். அண்ணாவின் சுவரொட்டிக்கு இப்படி அமைத்துப் பார்த்தேன்:

22 ▆▆▆களைச் ▆▆▆▆ல் ▆▆▆▆றார்கள்.

"களைச்" என்பதில் உள்ள ச் மட்டும் சிவப்பில் இருக்கட்டும். தாள் முழுவதும் வேறு எதுவும் வேண்டாம். மறைத்தவர் மறைக்க மறந்த ஓர் ஒற்று அடுத்த சொல்லைக் காட்டிக்கொடுக்கிறது. படிக்கிறவர் தாமே அந்த வாக்கியத்தை நிரப்புவார். யாரை, எங்கே, என்ன செய்தார்கள் என்ற மூன்று கேள்விகளும் அந்த மூன்று வால்களிலேயே இருக்கின்றன.

ஈய எழுத்து எழுதியது:

மகளே, இதைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தேன். இத்தனை ஆண்டுகள் ஒற்றுப்பிழை திருத்தியவன் நான். ஒற்று இப்படிச் சாட்சி சொல்லும் என்று ஒரு நாளும் எண்ணியதில்லை.

இதே வகையில் நம்மவர் செய்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. கட்சியினர் பலர் கைதானார்கள். அவர்களுடைய பெயர்களை வெளியிடத் தணிக்கை இடம் தரவில்லை. பிப்ரவரி 3 அண்ணாவின் நினைவு நாள். அன்றைய முரசொலி, அண்ணா நினைவிடத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப்பட்டியலை வெளியிட்டது. கைது என்ற சொல்லே அதில் இல்லை. யார் யார் சிறையில் இருக்கிறார்கள் என்பதை ஊரெல்லாம் அதைப் படித்தே தெரிந்துகொண்டது. அச்சுக் கோப்பவன் கண்ணால் பார்த்தால் அது ஒரு சாதாரண பெயர் வரிசை. வடிவமைப்பு என்று சொல்லக்கூட ஒன்றும் இல்லை. எந்த நாளில், எந்தத் தலைப்பின் கீழ் வைத்தார்கள் என்பதிலேயே எல்லாம் அடங்கியிருந்தது.

வெண்தாள் எழுதியது:

மாணவியின் வரியைப் பார்த்த பிறகு என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். இது விளக்கம் சேர்த்த வெள்ளைத் தாளைவிடவும் வலிமையானது. ஒரு ஐயம் மட்டும்: இணையத்தில் இதே வேலையை எப்படிச் செய்வது? 2025 பிப்ரவரியில், அமெரிக்க அதிபருக்கு அருகே பிரதமர் விலங்குடன் அமர்ந்திருப்பதாக வரைந்த கருத்துப்படத்துக்காக விகடன் இணையதளம் முடக்கப்பட்டபோது, பலருக்கு அது வெறும் இணைப்புக் கோளாறாகவே தோன்றியது. அங்கே கறுப்புப் பட்டையும் இல்லை, வாலும் இல்லை.

அம்மாப்பேட்டை மாணவி எழுதியது:

அந்தக் குறையை உணர்ந்துதான் 451 என்ற பிழை எண்ணை உருவாக்கினார்கள். பக்கம் காணாமல் போனால் 404 என்று வருவதைப் போல, சட்டக் காரணத்தால் தடுக்கப்பட்டிருந்தால் 451 என்று காட்ட வேண்டும் என்பது 2016இல் வெளியான இணையத் தரம். யாருடைய ஆணையால் தடுக்கப்பட்டது என்பதையும் அந்தப் பக்கத்திலேயே குறிப்பிட அதில் வழி உண்டு. ஆனால் அந்த எண்ணைப் பயன்படுத்துவது அவரவர் விருப்பம். நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் வரும் முடக்க ஆணைகளை 2009ஆம் ஆண்டு விதிகள் இரகசியமாக வைக்கச் சொல்கின்றன என்று வகுப்பில் படித்தோம். வழக்குரைஞர் ஐயா திருத்தலாம்.

அஸ்தம்பட்டி வழக்குரைஞர் எழுதியது:

திருத்த எதுவும் இல்லை; அது 16ஆம் விதி. விகடன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில், அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு படத்துக்காக ஒரு தளம் முழுவதையும் மூடியது என் மனத்தை இன்னும் உறுத்துகிறது.

செவ்வாய்ப்பேட்டை வரைவாளன் எழுதியது:

மாணவித் தங்கையின் வரியை எழுத்துருவில் இட்டுப் பார்த்தேன். ச் என்பதன் மேற்புள்ளி, பட்டைக்கு மேலே சற்று உயர்ந்து நிற்கும்படி அமைத்தால், 10 அடி தொலைவிலிருந்தும் கண் முதலில் அங்கேதான் போகிறது. மெல்லிய கோடுள்ள எழுத்துரு இதற்குப் பொருந்தவில்லை. பழைய சுவர் விளம்பர எழுத்தாளர்கள் தட்டைத் தூரிகையால் எழுதும் தடித்த எழுத்தைக் கையாலேயே வரைந்துகொண்டேன்.

இப்போது வேறொரு சிக்கல். 40 படிகள் அச்சிட நான் வழக்கமாகப் போகும் ஆஃப்செட் அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். உரிமையாளர் நெடுநாள் நண்பர். பார்த்துவிட்டு, அச்சிட்டுத் தருகிறேன், என் அச்சகத்தின் பெயரைப் போட வேண்டாம் என்றார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவரிடம் 6 பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் அச்சிட்டோர் பெயர் இல்லாத தாளை ஒட்டுவது சரிதானா?

ஈய எழுத்து எழுதியது:

கூடாது, தம்பி. இதில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். பெயரில்லாத தாள் வதந்தி ஆகிவிடும். அதே சமயம், பெயர் போட்டவர் மீதுதான் எல்லாச் சுமையும் விழும் என்பதும் உண்மை. 1908இல் இந்தியா இதழின் மீது அரசு பாய்ந்தபோது, சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த மு. சீனிவாசன் சிறைக்குப் போனார். எழுதிய பாரதியார் புதுச்சேரிக்குப் போக முடிந்தது. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைப் படத்துக்காகச் சட்டமன்றம் அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு 3 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எங்கும் எதிர்ப்பு எழுந்ததால் சில நாள்களில் விடுவித்தார்கள். பின்னர் உயர் நீதிமன்றம் அவருக்கு 1000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. வரைந்தவர் யார் என்று யாரும் தேடவில்லை, பொறுப்பேற்றவரைப் பிடித்தார்கள்.

ஆகவே உங்கள் துணிச்சலின் விலையை அச்சகத்தார் மீது ஏற்றாதீர்கள். திரைத் துணி வழியே மையை இழுத்து அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் உங்களுக்குத் தெரியும் அல்லவா? அழைப்பிதழ் அடித்தவர்தானே நீங்கள். இரண்டே நிறம், 40 படி. உங்கள் வீட்டு மாடியில் நீங்களே இழுத்துவிடலாம்.

அஸ்தம்பட்டி வழக்குரைஞர் எழுதியது:

ஈய எழுத்து ஐயா சொல்வதை வழிமொழிகிறேன். தேர்தல் சுவரொட்டியாக இருந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி அச்சிட்டோர், வெளியிடுவோர் பெயரும் முகவரியும் கட்டாயம். உங்களுடையது தேர்தலைச் சார்ந்தது இல்லை. ஆயினும் பெயரோடு நிற்கும் தாளுக்காக நீதிமன்றத்தில் வாதாடுவது எங்களுக்கும் எளிது. இன்னொன்று: பொதுச் சுவர்களில் ஒட்டாதீர்கள். 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பொது இடங்களை விளம்பரங்களால் சீர்குலைப்பதைத் தடுக்கிறது. கருத்தைப் பற்றிப் பேச வேண்டிய வழக்கைப் பசையைப் பற்றிய வழக்காக மாற்ற அது போதும்.

செவ்வாய்ப்பேட்டை வரைவாளன் எழுதியது:

அப்படியே செய்தேன். 20க்கு 30 அங்குல டபுள் கிரௌன் தாளில் கறுப்பை முதலில் இழுத்து, ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் சிவப்பை இழுத்தேன். 40இல் 3 படிகளில் சிவப்பு அரை அங்குலம் நகர்ந்துவிட்டது, அவற்றை ஒதுக்கிவிட்டேன். கீழே வலப்பக்க மூலையில் வடிவமைத்தவர், அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகிய மூன்று இடங்களிலும் என் பெயரையே இட்டிருக்கிறேன். மலைவாசி அம்மா கேட்ட விளக்கக் குறிப்பை, 1950 பிப்ரவரி 11, மார்ச் 1, மே 26 ஆகிய மூன்று நாள்களோடு தனித்தாளில் எழுதி, சுவரொட்டிக்கு எதிர்ச்சுவரில் மாட்டுவதாகத் திட்டம். முதலில் வரியை நிரப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் விளக்கம் தெரியும்.

சேர்வராயன் மலைவாசி எழுதியது:

நீங்கள் பேருந்தில் கொடுத்தனுப்பிய ஒரு படி பத்திரமாக வந்து சேர்ந்தது. காட்சி தொடங்க இன்னும் 9 நாள்கள் இருந்தாலும், நேற்று மாலை பள்ளி முடிந்ததும் அதை வகுப்பறையில் தொங்கவிட்டு, விளக்கக் குறிப்பை இன்னும் காட்டாமல், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வாக்கியத்தை நிரப்பச் சொன்னேன். முதலில் 22 மாடுகளைச் சந்தையில் விற்றார்கள் என்றான் ஒருவன். அவன் சொன்னதும் இலக்கணப்படி சரியாகவே பொருந்தியது. விற்றதை எதற்கு மறைக்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்த சிறுமி கேட்டாள். அதன் பிறகு வகுப்பின் போக்கே மாறிவிட்டது. மறைக்க வேண்டிய செயல் என்னவாக இருக்கும் என்று அவர்களே பேசத் தொடங்கினார்கள்.

பட்டைக்குக் கீழே இருப்பது "சிறையில்" என்று நமக்குத் தெரியும். அவர்களில் நான்கு பேர் அதையே சொன்னார்கள். மகளை அழைத்துச் செல்ல வந்து வாசலில் நின்றிருந்த ஒரு தாய், சிவப்பு எழுத்தைக் காட்டி, "சேலத்தில்" என்றார். மாணவியும் வரைவாளன் நண்பரும் இதை எதிர்பார்த்தீர்களா என்று தெரியவில்லை. ச், ல் இரண்டுக்கும் அதுவும் பொருந்துகிறது. விளக்கத் தாளில் பட்டைக்குக் கீழே உள்ள சொல் எது என்று எழுதியிருந்தால், அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா? மற்றவை அப்படியே இருக்கட்டும்.

செவ்வாய்ப்பேட்டை வரைவாளன் எழுதியது:

எழுதியிருந்தேன், அம்மா. இப்போதே எடுத்துவிட்டு வேறு தாள் எழுதுகிறேன். சனிக்கிழமை முதல் பேருந்தில் நானே கொண்டுவருகிறேன்.